காதில் விழாத இலக்கணம்

ஜூன் மாதமும் டிசம்பர் மாதமும் நெருங்கிவிட்டால் சீனப் பல்கலைக்கழக வளாகக் கடைகளில் எஃப்.எம். வானொலி எடுக்கிற ஹெட்போன்கள் குவிந்துவிடும். எல்லாம் மாணவர்கள் சுருக்கமாக 'நாலாம் நிலை', 'ஆறாம் நிலை' என்று சொல்லும் கல்லூரி ஆங்கிலத் தேர்வுக்காக. பல கல்லூரிகளில் இந்தத் தேர்வின் கேட்டல் பகுதியை வளாகத்துக்குள் கிடைக்கும் ஓர் அலைவரிசையில் ஒலிபரப்புகிறார்கள். மாணவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அலைவரிசையைப் பிடித்து, கேட்டுக் கேட்டு விடை குறிக்க வேண்டும். நடுவில் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் கூடுதலாக ஒரு ஜோடியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாலாம் நிலை 1987இல் தொடங்கியது, ஆறாம் நிலை 1989இல். மொத்தம் 710 மதிப்பெண். கேட்டலுக்கு 35 விழுக்காடு, வாசிப்புக்கு 35, எழுதுவதற்கு 15, மொழிபெயர்ப்புக்கு 15. நாலாம் நிலையில் 425 எடுத்தால்தான் ஆறாம் நிலைக்கு உட்கார முடியும். நாலாம் நிலையின் கேட்டலில் செய்தித் துணுக்குகள், நீள உரையாடல்கள், சிறு உரைகள் என்று வரும். எல்லாம் ஒரே ஒரு தடவைதான் ஒலிக்கும். அது முடிந்ததும் அந்த விடைத்தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் யோசித்துத் திருத்த வழியில்லை.

நான் சிச்சுவான் மாகாணத்தின் செங்டு நகரில் மருத்துவம் படித்தவள். தமிழ்நாட்டிலிருந்து அங்கே மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்குப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் வார்டுக்குள் நுழைந்தால் நோயாளியிடம் சீனத்தில்தான் பேசியாக வேண்டும். அதனால் எனக்குச் சீனம் தேவைப்பட்டது. வேறு துறையில் படித்துக்கொண்டிருந்த, என்னைவிட இளைய ஒரு சிச்சுவான் பெண்ணுக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. இப்படி மாற்றி மாற்றி மொழி சொல்லிக்கொடுக்கிற இணைக்கு அங்கே 'யூபான்' என்று பெயர், மொழித்துணை. ஒரு மணி நேரம் என் சீனம், ஒரு மணி நேரம் அவள் ஆங்கிலம். மூத்த மாணவியைக் கூப்பிடும் முறைப்படி அவள் என்னை 'ஷுவேஜியே' என்று கூப்பிடுவாள். நம் ஊர் அக்காதான் அது.

முதலில் சந்தித்தபோதே அவளுடைய ஆங்கிலச் சொல்வளம் என்னை மலைக்க வைத்தது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவோவில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், மொத்தமே 750தான். அதற்காக 3,500 சொற்களை மனப்பாடம் செய்வது ஒரு தலைமுறையே கடந்துவந்த சடங்கு. நாலாம் நிலைக்கு அதற்கு மேலும் ஆயிரம், ஆறாம் நிலைக்கு இன்னும் மேலே. அவள் காலையில் ஏரிக்கரையில் நின்றுகொண்டு சத்தமாக வாசிப்பாள். அவள் மட்டுமா, மரத்துக்கு ஒருவராக நின்று வாசிப்பார்கள். காலை வாசிப்பு என்பது சீனப் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்குள் ஆழமாக ஊன்றிவிடும் பழக்கம். இந்தியாவில் ஆங்கில வழியில் படித்த எனக்குத் தெரியாத சொற்கள்கூட அவளுக்குத் தெரிந்திருந்தன. எழுத்தில் பார்த்தால் பொருள் சொல்லிவிடுவாள், எழுத்துக்கூட்டையும் தப்பில்லாமல் சொல்வாள்.

ஆனால் பழைய வினாத்தாளின் ஒலிப்பதிவைப் போட்டால் முகம் மாறிவிடும். இரண்டாவது வாக்கியத்திலேயே தொலைந்துபோவாள். முடிந்த பிறகு ஒலிப்பதிவின் எழுத்து வடிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். தெரியாத சொல்லை வட்டமிடு என்றேன். படித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். வட்டம் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் குறை சொல்வளத்தில் இல்லை. பேராசிரியர்களும் பயிற்சி மையங்களும் அவளுக்குச் சொன்ன மருந்து என்னவோ இன்னும் சொல் படி, இன்னும் வினாத்தாள் போடு என்பதுதான். எனக்கு அது சரியாகப் படவில்லை. கண்ணுக்குத் தெரிந்த சொல் காதுக்குத் தெரியவில்லை என்றால், கண்ணுக்கு இன்னும் ஆயிரம் சொல் கொடுத்து என்ன பயன்?

காது ஏன் தவறவிடுகிறது என்பதைத் தமிழர்களுக்குப் புரியவைப்பது சுலபம். நாம் பஸ் என்று நிறுத்துவதில்லை, பேச்சில் பஸ்ஸு என்கிறோம். லைட்டு, காரு, பேங்க்கு. இந்த மாதிரி மெய்யோடு ஒரு சொல் முடிவது தமிழ் நாக்குக்குப் பழக்கமில்லை, ஒரு உகரம் வந்து தாங்கிக்கொள்ளும். சீனாவின் பொதுமொழியான மாண்டரின் சீனம் இதில் நம்மைவிடக் கெடுபிடியானது. பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கமான தொனியைக் கணக்கில் எடுக்காவிட்டால் அந்த மொழியில் மொத்தம் ஏறத்தாழ 400 அசைகள்தான். அசையின் கடைசியில் வரக்கூடிய மெய்யொலிகள் 'ன்', 'ங்' என்று இரண்டு, வடக்கு வட்டாரப் பேச்சில் ஒரு நாவளைந்த 'ர்'. அவ்வளவுதான். அசை 'ட்' என்று முடியாது, 'ஸ்' என்று முடியாது. இரண்டு மூன்று மெய்கள் ஒட்டிக்கொண்டு முடிவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 'ஆஸ்க்ட்', 'டெக்ஸ்ட்ஸ்' போன்ற சொற்களின் வாலைப் பிடித்துக்கொள்ள அந்தக் காதுக்குப் பிறந்ததிலிருந்து தேவையே வந்ததில்லை. தெற்கே ஹாங்காங் பக்கத்துச் சீனமான காண்டனீஸ் பேசுகிறவர்களுக்குக் கடைசியில் ப், ட், க் உண்டு. ஆனால் அவற்றையும் வாய்க்குள்ளேயே அடக்கிவிடுவார்கள், வெடித்து வெளியே வராது.

அதற்கு மேல் ஆங்கிலத்தின் அழுத்தம். சீனத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு அசைக்கும் ஓர் எழுத்து, ஒரு தொனி, ஒரு பொருள் உண்டு. எதையும் விழுங்கக் கூடாது. ஆங்கிலமோ முக்கியமான சொல்லை அழுத்திவிட்டு மற்றதை எல்லாம் நசுக்கிவிடும். முடியும் என்று சொல்லும் 'கேன்' சாதாரணப் பேச்சில் 'க்ன்' என்று சுருங்கிவிடும். முடியாது என்னும்போதுதான் அந்த 'கே' முழுசாக ஒலிக்கும், கடைசி 'ட்' காணாமல் போய்விடும். அவள் அந்த 'ட்'டைத் தேடிக்கொண்டே இருந்தாள். 'ட்' இல்லையென்றால் முடியும், இருந்தால் முடியாது என்று புத்தகத்தில் படித்தவளுக்கு அதுதானே நியாயம். பொருள் நேர் எதிராகப் புரிந்துவிடும். உயிரொலியைக் கேள், வாலை விட்டுவிடு என்று சொல்லிக்கொடுத்த பிறகு அந்த ஒரு குழப்பம் சீக்கிரமே தீர்ந்தது.

சிச்சுவான் வட்டாரத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பேச்சில் ன-வும் ல-வும் கலந்துவிடும். 'நைட்' என்றாலும் 'லைட்' என்றாலும் அவளுக்கு ஒன்றாகவே கேட்டது. மாண்டரின் பேசும்போதே பள்ளியில் இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறாளாம்.

இதையெல்லாம் நான் எளிதில் நம்பியதற்குக் காரணம் என் காதுதான். வயிறு, முயல் இரண்டுக்குமான சீனச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'தூஸ' என்றே வரும். தொனிகூட ஒன்றுதான். ஒன்றில் முதல் ஒலியை மூச்சு விட்டுச் சொல்ல வேண்டும், மற்றதில் மூச்சில்லாமல். தமிழில் அந்த வேறுபாடு கிடையாது, அதனால் என் காது அதை ஒலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வார்டில் ஒரு பாட்டி வயிறு வலிக்கிறது என்கிறார் என்பது எனக்கு இடத்தை வைத்துப் புரிந்ததே தவிர ஒலியை வைத்துப் புரியவில்லை. போதாததற்கு அங்கே வயதானவர்கள் பேசுவது மாண்டரினே இல்லை, சிச்சுவான் பேச்சு. இடத்தை வைத்து ஊகிப்பதும் கேட்டலில் ஒரு பாதி என்பதை அங்கேதான் கற்றேன். அவளுக்கும் அந்தப் பாதி தேவையாக இருந்தது.

சரி, இலக்கணத்துக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான்.

சீன மாணவர்களின் ஆங்கிலத்தில் எல்லோரும் சுட்டிக்காட்டும் பிழைகள் தெரிந்தவைதான். இறந்தகால விகுதி விழுந்துவிடும், பன்மை 'ஸ்' விழுந்துவிடும், பெயருக்கு முன்னால் வரும் 'அ' (a), 'த' (the) காணாமல் போகும், ஆணையும் பெண்ணையும் மாற்றி 'ஹி', 'ஷி' என்பார்கள். காரணம் கேட்டால் சீனத்தில் இவை இல்லை என்பார்கள். உண்மைதான். சீன வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. பெயருக்குப் பொதுவான பன்மை விகுதி இல்லை. அவன், அவள், அது மூன்றும் எழுத்தில் வேறு வேறு, பேச்சில் மூன்றும் 'தா'. பெண்ணுக்குத் தனி எழுத்து புழக்கத்துக்கு வந்ததே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். சீனத்தில் 'ல' என்று ஓர் ஒட்டு உண்டு, பாடப் புத்தகங்கள் அதை ஆங்கில இறந்தகாலத்தோடு ஒப்பிட்டுப் பிள்ளைகளைக் குழப்பிவிடுகின்றன. அது காலத்தைச் சொல்வதில்லை, செயல் முடிவதைச் சொல்கிறது. 'நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போவோம்' என்ற வாக்கியத்தில் நம்முடைய 'விட்டு' செய்கிற வேலையை அங்கே அந்த 'ல' செய்யும். தமிழ் தெரிந்த எனக்கு அது உடனே பிடிபட்டது.

ஆனால் தாய்மொழியில் இல்லை என்பது மட்டுமே காரணம் என்றால், இலக்கணத் தாளிலும் அவள் தடுமாறியிருக்க வேண்டும். தடுமாறவில்லை. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் ஒன்றுகூடத் தவறாது. எந்தக் காலம், ஏன் அந்தக் காலம் என்று விதியோடு விளக்குவாள், நான் அவளிடம் கற்றுக்கொள்ள வேண்டும். அதே பெண் வாய் திறந்தால் நேற்று நடந்ததை எல்லாம் நிகழ்காலத்தில் சொல்வாள்.

நான் அவளுக்குச் சொல்லெழுதுதல் கொடுத்தபோதுதான் காரணம் விளங்கியது. ஒலிப்பதிவை ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுத வேண்டும். சீன மாணவர்கள் இதைக் கூர்ந்து கேட்டல் என்ற பொருளில் 'ஜிங்திங்' என்கிறார்கள். புதிய முறை ஒன்றும் இல்லை. அவள் எழுதிய தாளை மூலத்தோடு ஒப்பிட்டபோது விடுபட்டவை எல்லாம் ஒரே இனமாக இருந்தன. 'வாக்ட்' என்பதில் 'ட்', 'புக்ஸ்' என்பதில் 'ஸ்', இடையில் வரும் 'அ', 'த', 'ஹேவ்' சுருங்கி நிற்கும் ஒரு 'வ்'. பேசும்போது அவள் எதை விட்டாளோ, அதையேதான் கேட்கும்போதும் விட்டிருந்தாள். விதி தெரியும். ஆனால் அந்த விதி நடைமுறையில் நடப்பதை அவள் காது பல வருடங்களாகக் கேட்டதே இல்லை. கேட்காத ஒன்று வாயில் எப்படித் தானாக வரும்?

டோனா லார்டியெர் என்ற அமெரிக்க மொழியியலாளரின் ஆய்வு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. சீனமொழி பேசி வளர்ந்து, அமெரிக்காவில் நீண்ட காலம் வாழ்ந்த ஒரு பெண்ணின் ஆங்கிலத்தைப் பல ஆண்டு இடைவெளியில் பதிவு செய்து அவர் ஆராய்ந்தார். அந்தப் பெண் இறந்தகாலம் வர வேண்டிய இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில்தான் பேச்சில் அதைப் பயன்படுத்தினார். ஆனால் 'ஐ', 'மி', 'ஹி', 'ஹிம்' போன்ற வேற்றுமை வடிவங்களில் பிழையே இல்லை. எழுதும்போது இறந்தகாலமும் பேச்சில் வந்ததைவிட மிக நன்றாகவே வந்தது. ஆய்வாளர்கள் இதை வைத்துப் பல விதமாக வாதாடுகிறார்கள். இலக்கணம் மனத்தில் இருக்கிறது, சொல்லின் கடைசி மெய்க்கூட்டத்தில்தான் சிக்குகிறது என்பது அதில் ஒரு தரப்பு. நான் மொழியியல் படித்தவள் இல்லை. ஆனாலும் என் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் நான் பார்த்ததும் அதுதான்.

அதனால் நாங்கள் சொல்லெழுதுதலைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டோம். முதல் சுற்றில் கறுப்புப் பேனா. காதில் விழுந்ததை மட்டும் எழுத வேண்டும், ஊகிக்கக் கூடாது. விழாத இடத்தில் கோடு. இரண்டாம் சுற்றில் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு நீலப் பேனா. இலக்கணத்தை வைத்து இங்கே என்ன வந்திருக்க வேண்டும் என்று யோசித்து நிரப்ப வேண்டும். 'நேற்று' என்று கேட்டிருக்கிறது, அப்படியானால் வினையின் வால் இறந்தகாலமாகத்தான் இருக்கும். 'பீன்' கேட்டிருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு 'ஹேவ்' ஒளிந்திருக்க வேண்டும். அவளுடைய பலம் இந்தச் சுற்றில்தான் வெளிப்பட்டது. இத்தனை வருடம் பள்ளியில் படித்த இலக்கணம் முதல்முறையாகக் காதுக்கு உதவியது. மூன்றாவதாக மூலத்தைப் பார்த்துச் சிவப்புப் பேனாவில் திருத்தம். அதோடு விடாமல், மறுபடி ஒலிப்பதிவைப் போட்டு, நீலத்திலும் சிவப்பிலும் எழுதிய இடங்கள் காதில் விழுகின்றனவா என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேட்டலைத்தான் பெரும்பாலானவர்கள் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள். பயிற்சியின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எழுத்தில் பார்த்ததைக் காது அடையாளம் கண்டுகொள்ளும் கணம் அது. ஒரு தடவை அடையாளம் கண்டால் அடுத்த தடவை தேடிப் பிடிக்கும்.

ஒரு நிமிட ஒலிப்பதிவுக்கு இப்படி முக்கால் மணி நேரம்கூட ஆகிவிடும். வினாத்தாளாக வாங்கிக் குவித்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முடிக்கிற தோழிகளின் நடுவில் அவள் ஒரு நிமிடத்தோடு உட்கார்ந்திருப்பது அவளுக்கே முதலில் பயமாக இருந்தது. 'ஷுவேஜியே, எல்லோரும் இரண்டாயிரத்துப் பதினேழாம் வருடத் தாளுக்குப் போய்விட்டார்கள்' என்பாள்.

அடுத்து வாக்கிய அமைப்பு. 'நேற்று கடையில் நான் பார்த்த பையன்' என்று நாம் சொல்கிற அதே வரிசையில்தான் சீனரும் சொல்வார். விவரம் எல்லாம் முன்னால், பையன் கடைசியில். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்து நின்றுவிடுவான், நேற்றும் கடையும் அவன் பின்னால் வரிசையாக வரும். வாசிக்கும்போது இது சிக்கல் இல்லை. கண் முன்னும் பின்னும் போய்வரும். கேட்கும்போது அது முடியாது. அவள் வாக்கியம் முடியும்வரை காத்திருந்து, மனத்துக்குள் சீன வரிசைக்கு அடுக்கி, பிறகு பொருள் கொள்வாள். அதற்குள் அடுத்த வாக்கியம் பாதி போயிருக்கும். இதற்கு மருந்து கூடவே சொல்வதுதான். ஒலிப்பதிவுக்கு அரைச் சொல் பின்னால் அதே வேகத்தில் வாயால் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனால் மொழிபெயர்க்க மனத்துக்கு நேரமே கிடைக்காது. வந்த வரிசையிலேயே பொருள் கொள்ளப் பழகும். சீன மாணவர்கள் இதை நிழல்போல் தொடர்ந்து வாசித்தல் என்கிறார்கள். தெரியாத பகுதியை வைத்து இதைச் செய்யக் கூடாது. சொல்லெழுதுதல் முடிந்து ஒவ்வொரு சொல்லும் தெரிந்துவிட்ட பகுதியை எடுக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் சத்தம்தான் வாயில் வரும்.

எண்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். சீனர்கள் பெரிய எண்களை நான்கு நான்கு இலக்கமாகப் பிரிக்கிறார்கள். பத்தாயிரத்துக்கு 'வான்', பத்தாயிரம் பத்தாயிரங்களுக்கு 'யீ'. ஒரு யீ என்றால் நம்முடைய பத்துக் கோடி. ஆங்கிலத்தில் மூன்று மூன்று இலக்கம். செய்தியில் 1.4 பில்லியன் என்று வந்தால் அவள் அதை 14 யீ ஆக்க வேண்டும், நான் 140 கோடி ஆக்க வேண்டும். இருவரும் விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தேர்வின் செய்தித் துணுக்குகளில் இத்தனை மில்லியன் டாலர், இத்தனை ஆயிரம் பேர் என்று வரும். எண்ணில் ஒரு வினாடி மாட்டிக்கொண்டால் பின்னால் வரும் இரண்டு வாக்கியம் போய்விடும். கேட்ட எண்ணைச் சீனத்துக்கும் தமிழுக்கும் கொண்டுபோகாமல், தௌசண்ட் என்று கேட்டதும் ஒரு காற்புள்ளி, மில்லியன் என்று கேட்டதும் ஒரு காற்புள்ளி என்று நேராக இலக்கத்தில் எழுதிப் பழகினோம். நான் வாசிக்க அவள் எழுதுவாள், அவள் வாசிக்க நான் எழுதுவேன். இந்த ஒன்றில் இருவரும் சமமான மாணவிகள். பதின்மூன்றா முப்பதா என்ற குழப்பத்துக்குத் தனியாகவே பயிற்சி தேவைப்பட்டது. அங்கே அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று கேட்க வேண்டும்.

சொல்வளத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் சீன மாணவர்களின் மனப்பாடத்தை மட்டமாகப் பேசுவார்கள். நான் அதை ஏற்கவில்லை. நாளிதழ் படிக்கவே இரண்டு மூவாயிரம் எழுத்துகள் தெரிந்திருக்க வேண்டிய மொழியில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். திரும்பத் திரும்ப எழுதி நினைவில் நிறுத்துவது அவர்களுடைய உண்மையான திறமை, அதைப் பறிப்பதில் நியாயமில்லை. கற்றது நாளாக ஆக எப்படி மறந்துபோகிறது என்று காட்டும், ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட மறதி வளைகோட்டைச் சீனக் கல்லூரி மாணவர்கள் சாதாரணமாகவே சொல்லிக் கேட்கலாம். பைத்ஸஜான், ஷான்பே போன்ற சொல்பயிற்சிச் செயலிகள் கற்ற சொல்லை இடைவெளி விட்டு விட்டு மறுபடி கொண்டுவந்து காட்டுவதும் அந்த எண்ணத்தில்தான்.

மாற்ற வேண்டியது எதை மனப்பாடம் செய்கிறோம் என்பதை. அவளுடைய பட்டியலில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ஒரு சீனச் சொல் இருந்தது. விளக்கைப் போடுவது, கதவைத் திறப்பது, வண்டி ஓட்டுவது எல்லாவற்றுக்கும் சீனத்தில் 'காய்' என்ற ஒரே வினை. அதனால் அவள் ஆங்கிலத்தில் விளக்கைத் திறந்தாள். சீனரும் தமிழரும் மருந்தைச் 'சாப்பிடுகிறோம்', ஆங்கிலத்தில் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இதெல்லாம் தனிச்சொல்லாகப் படித்தால் தெரிய வராது, கூட வரும் சொல்லோடு சேர்த்துப் படித்தால்தான் வரும். பட்டியலின் வரிசையும் ஒரு தொல்லை. அகரவரிசைப் புத்தகங்களில் முதல் சொல்லே கைவிடு என்று பொருள்படும் 'அபாண்டன்'. புத்தகத்தைத் திறந்து அந்தச் சொல்லோடு படிப்பைக் கைவிட்டோம் என்று சொல்லிச் சிரிக்காத சீன மாணவரை நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்குப் பின்னால் உண்மையான சோர்வு இருந்தது.

நாங்கள் செய்தது இரண்டு காரியம். செயலியில் எழுத்தை மறைத்துவிட்டு முதலில் ஒலியை மட்டும் கேட்டுப் பொருள் சொல்வது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள் என்று நினைத்தவற்றில் பல இந்தச் சோதனையில் விழுந்துவிட்டன. விழுந்தவைதான் இனி படிக்க வேண்டிய பட்டியல். இரண்டாவது, புதுச் சொல்லை அன்றைக்குக் கேட்ட ஒலிப்பதிவிலிருந்தே எடுப்பது, அது வந்த வாக்கியத்தோடு. எண்ணிக்கை குறையும். ஆனால் ஒவ்வொரு சொல்லும் ஒரு குரலோடு மனத்தில் தங்கும்.

எதைக் கேட்பது என்று கேட்பார்கள். அவளுடைய பேராசிரியர் ஒருவர், வயதானவர், சிற்றலை வானொலியில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் எளிய ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டுப் படித்தவர். 1959இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 1,500 சொற்களுக்குள், இயல்பைவிட மூன்றில் ஒரு பங்கு மெதுவாகப் பேசியது. கலாச்சாரப் புரட்சியில் நின்றுபோன நுழைவுத் தேர்வு 1977இல் மறுபடி வந்தபோது படிக்கத் தொடங்கிய தலைமுறைக்கு அது பெரிய வரம். அதற்கு முன்னால் 1950களில் சீனப் பள்ளிகளில் முதன்மை அந்நிய மொழி ரஷ்யன். ஆங்கிலம் சொல்லித்தர ஆளே குறைவு. அந்த நிலையிலிருந்து ஒரு வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு மொழியைக் கற்றவர்கள்மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. இருந்தாலும் இன்றைய மாணவர் அதிலேயே நின்றுவிடக் கூடாது. மெதுவாகப் பேசும்போது ஒவ்வொரு சொல்லும் முழுசாக வரும். ஆங்கிலம் சொற்களை நசுக்குகிற, விழுங்குகிற இடங்கள் அதில் குறைவு. அந்த இடங்கள்தானே காதுக்குத் தெரியாதவை. முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு நல்லது, அப்புறம் இயல்பான வேகத்துக்குப் போய்விட வேண்டும்.

உச்சரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேர்வில் வருவது பெரும்பாலும் அமெரிக்கக் குரல் அல்லது பிரிட்டிஷ் குரல். என் ஆங்கிலம் அவளுக்கு முதலில் புரியவில்லை, என் ட-வும் ர-வும் அவள் கேட்டுப் பழகிய எதிலும் இல்லை. எங்கள் விடுதியில் பாகிஸ்தான், கானா, நேபாளம், தாய்லாந்து என்று பல நாட்டுப் பிள்ளைகள். சமையலறையில் நடக்கும் பேச்சு முழுவதும் ஆங்கிலம், ஒருவருக்கும் அது தாய்மொழி இல்லை. அவளை அங்கே உட்கார வைத்தேன். பதிவு செய்த குரலைவிட அது கடினமாக இருந்தது என்றாள். ஆனால் அங்கே புரியவில்லை என்றால் மறுபடி சொல் என்று கேட்கலாம். சீன மாணவர்கள் கேட்கத் தயங்குகிற ஒரே ஒரு ஆங்கில வாக்கியம் அதுதான். தேர்வு ஒரே தடவைதான் ஒலிக்கும் என்று பழக்கிவிட்டதால், இரண்டாம் தடவை கேட்பது தோல்வி என்று அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. அது எனக்கு மனவருத்தம் தருகிற விஷயம்.

சீனர்களே தங்கள் ஆங்கிலத்தை 'ஊமை ஆங்கிலம்' என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பெயரை நான் ஒருபோதும் பயன்படுத்த மாட்டேன். 2001 முதல் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்குவது என்று முடிவானது. ஆனால் ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பேச எத்தனை வினாடி கிடைக்கும்? நகரத்துப் பிள்ளைகள் பயிற்சி மையத்துக்குப் போனார்கள், 2021இல் பள்ளிப் பாடங்களுக்கான லாபநோக்க மையங்களை அரசு கட்டுப்படுத்தும்வரை. என் மொழித்துணை மலைப்பக்கத்து மாவட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். ஆங்கிலம் பேசும் மனிதர் ஒருவரைக் கல்லூரிக்கு வரும்வரை நேரில் பார்த்ததில்லை. கேட்காத மொழியை ஒரு பெண் பத்து வருடம் எழுத்திலேயே கற்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்றால் அவளை ஊமை என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

அவள் ஆறாம் நிலையையும் முடித்துவிட்டாள். இப்போது சரக்குக் கப்பல் முன்பதிவு செய்கிற ஒரு நிறுவனத்தில் வேலை. நைஜீரியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் தொலைபேசி வரும். 'த' விட்டுப்போகிறது இன்னும், அவசரத்தில் ஹி, ஷி மாறுகிறது. இறந்தகாலத்தின் வால் மட்டும் பெரும்பாலும் வந்துவிடுகிறது. சரக்கு கிளம்பிவிட்டதா, கிளம்பப் போகிறதா என்பது அந்த வேலையில் பணம் சம்பந்தப்பட்ட விஷயம், காது அதைத் தானாகத் தேடுகிறது என்கிறாள். எண்களை மட்டும் எத்தனை தெளிவாகக் கேட்டாலும் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்கிறாள். அந்தப் பக்கத்தில் இருப்பவரும் அதையேதான் செய்கிறாராம்.